சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஆபத்து!

நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்-அப் வண்டியில் எண்ணெய்க் கசிவு: கண்டுபிடிப்பது எப்படி? நிறுத்துவது எப்படி?

காலை நேரம். வீட்டு வாசலில் நின்ற பிக்-அப் வண்டியை டிரைவர் எடுக்கிறார். வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும்.

"ஏங்க, வண்டி நின்ன எடத்துல எண்ணெயாக் கெடக்கே?" என்று மனைவி கேட்கிறாள்.

"கொஞ்சம் ஒழுகுது. ஊத்திக்கிட்டாப் போச்சு" என்கிறார் அவர்.

டிரைவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் அந்த ஒரு ரூபாய் வட்டம் ஒரு எச்சரிக்கை. அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் சில நூறு ரூபாயில் தப்பித்துக்கொள்வார். படிக்கத் தவறியவர் ஒரு கியர் பெட்டியையே இழப்பார். சில வேளைகளில் அதைவிடப் பெரியதையும் இழக்க நேரிடும்.

எதற்கு நான்கு சக்கரம்?

ஊருக்குள் சரக்கு ஏற்றும் பிக்-அப் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். முன் சக்கரங்கள் சும்மா உருளும். தார் ரோட்டுக்கு அது போதும்.

ஆனால் கரிசல் காட்டு மழை அப்படிப்பட்டதா?

சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் பசையாகிவிடும். நடப்பவர் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும். பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே, பொட்டல் வெளியில், தள்ளித் தள்ளி இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் பாதைகளில் பல மண் பாதைகள். தீபாவளியை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது.

மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்குப் போனால் மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள். அங்கே கல்லும் ஏற்றமும் ஓடையும் குறுக்கிடும்.

இந்த இடங்களில் பின் சக்கரம் மட்டும் சுற்றினால், வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால் கரை ஏறிவிடும். இரண்டு மாடு பூட்டிய வண்டிக்கு இன்னும் இரண்டு மாடு பூட்டியதுபோல!

அந்த "இரண்டு மாட்டையும்" பூட்டுவது ஒரு சிறு பெட்டி. என்ஜினை அடுத்துக் கியர் பெட்டி இருக்கிறது. அதன் வாலில் இந்தத் துணைப் பெட்டி இருக்கிறது. இதற்கு "டிரான்ஸ்பர் கேஸ்" என்று பெயர். இதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு பின்னால் போகிறது. மற்றொன்று முன்னால் போகிறது. டிரைவர் ஒரு கம்பியைத் தள்ளினால் அல்லது ஒரு குமிழைத் திருகினால், முன் தண்டும் சுற்றத் தொடங்கும்.

ஜீப் வந்த கதை

இந்த ஏற்பாட்டை உலகம் முழுவதும் பரப்பியது ஜீப்.

இரண்டாவது உலகப் போரின்போது, 1940-ம் ஆண்டு, அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய வண்டி கேட்டது. சேற்றிலும் மணலிலும் ஓட வேண்டும் என்றது. பான்டம் என்ற சிறு நிறுவனம் முதல் வண்டியை அந்த ஆண்டு செப்டம்பரில் ஓட்டிக் காட்டியது. பிறகு வில்லிஸ், போர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பின் வழியில்தான் பிற்காலத்தில் நான்கு சக்கர இழுவை உள்ள பிக்-அப் வண்டிகளும் நம் நாட்டில் வந்தன. 2016-ம் ஆண்டு சென்னைக்கு வடக்கே, ஆந்திராவில் உள்ள ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனமும் பிக்-அப் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது.

வண்டி மாறியது. ஆனால் டிரான்ஸ்பர் கேஸ் ஒழுகும் வியாதி மட்டும் மாறவில்லை!

ஒழுகினால் என்ன?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,440 சொட்டு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 72 மில்லி. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர்!

டிரான்ஸ்பர் கேசுக்குள் இருக்கும் எண்ணெயோ பல வண்டிகளில் ஒன்றிரண்டு லிட்டர்தான்.

என்ஜின் எண்ணெயைப் பார்க்கக் குச்சி இருக்கிறது. குறைந்தால் விளக்கும் எரியும். இந்தப் பெட்டிக்குப் பொதுவாகக் குச்சியும் இல்லை, விளக்கும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் பலர் பார்ப்பதே இல்லை.

எண்ணெய் குறைந்தால் பற்சக்கரங்கள் சூடேறும். பேரிங் உராய்ந்து "ங்ஙொய்" என்று கத்தும். கடைசியில் பெட்டியே இறுகிவிடும்.

அது பணத்தோடு போகும் கஷ்டம். உயிருக்கு வரும் ஆபத்து வேறு இருக்கிறது.

பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேசின் வாலிலேயே இருந்தது. அந்த இடத்தில் எண்ணெய் ஒழுகினால் நேரே பிரேக் கட்டையில் போய் நனைக்கும். நனைந்த கட்டை பிடிக்குமா? மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய ஜீப், ஆள் இல்லாமல் பின்னால் உருண்டுவிடும்!

இப்போதைய பிக்-அப் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தில் இருக்கிறது. ஆனால் பின் அச்சின் சீல் ஒழுகினால் அங்கேயும் இதே கதைதான். எண்ணெய் டிரம்முக்குள் இறங்கிப் பிரேக்கைக் கெடுக்கும்.

எந்த எண்ணெய்?

தரையில் கிடப்பதெல்லாம் டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெய் அல்ல. முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

வெறும் தண்ணீராக இருந்தால் அது ஏ.சி.யிலிருந்து சொட்டியது. பயம் இல்லை.

பச்சை அல்லது சிவப்பு நிறத் தண்ணீராக இருந்தால் அது ரேடியேட்டர் நீர். இது விஷம். குழந்தைகளும் ஆடு மாடுகளும் நக்கிவிடாமல் உடனே கழுவி விடுங்கள்.

கன்னங்கரேலென்று இருந்தால் என்ஜின் எண்ணெய்.

மெல்லியதாக, இளமஞ்சளாக, தண்ணீர் பட்டால் கரைந்துபோவதாக இருந்தால் பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

தேன்போல் கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்தால் கியர் ஆயில். அந்த நெடி சிவகாசிக்காரர்களுக்குப் புதிதல்ல. கந்தக நெடி! பற்சக்கரம் தேயாமல் இருக்கக் கியர் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்துப் பொருள் சேர்க்கிறார்கள். பட்டாசில் வெடிக்கும் கந்தகம், இங்கே பல்லைக் காக்கிறது!

சில புதிய வண்டிகளின் டிரான்ஸ்பர் கேசில் மெல்லிய சிவப்பு எண்ணெய் ஊற்றுவதும் உண்டு. உங்கள் வண்டிக்கு எது என்பது வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் இருக்கும்.

காலண்டர் தாள் சோதனை

நாடு முழுவதும் தொங்கும் காலண்டர்களை அச்சடித்து அனுப்பும் ஊர் சிவகாசி. பழைய காலண்டர் தாளுக்கா பஞ்சம்?

இரவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி வண்டிக்கு அடியில் விரியுங்கள். முன் சக்கரம் எந்தப் பக்கம் என்று தாளிலேயே எழுதி வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை சொட்டு, என்ன நிறம் என்பது எல்லாம் அச்சடித்ததுபோல் தெரியும்.

அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு காட்டுவதுபோல அது உதவும்.

பவுடர் பூசுங்கள்

சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். முன்னால் ஒழுகியது பின்னால் சொட்டும்.

ஆகவே அடிப்பாகத்தை நன்றாகக் கழுவித் துடையுங்கள். காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் கோடு போட்டுக் காட்டும். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலாகவும் முன்னாகவும் இருக்கிறதோ, அதுதான் கள்ளன் ஒளிந்திருக்கும் இடம்!

அது பெட்டியின் இரு பாதி சேரும் இணைப்பாக இருக்கலாம். எண்ணெய் வடிக்கும் மூடியாக இருக்கலாம். முன் அச்சாகவும் இருக்கலாம். ஆனால் அடிக்கடி மாட்டிக்கொள்வது, தண்டு வெளியே வரும் வாயில் உள்ள ஆயில் சீல்.

தோலில் பிறந்த சீல்

ஆயில் சீல் என்பது ஒரு வளையம். வெளியே இரும்பு. உள்ளே ரப்பர் உதடு. உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள் கம்பி. சுற்றுகிற தண்டை அந்த உதடு கவ்விக்கொண்டு எண்ணெயை உள்ளேயே நிறுத்தும்.

முற்காலத்தில் இந்த உதட்டைத் தோலில் செய்தார்கள். ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் தோல் பதனிட்ட பிராய்டன்பர்க் நிறுவனம், 1930-களில் தோல் சீல்களைச் செய்து விற்றது. சில ஆண்டுகளிலேயே செயற்கை ரப்பருக்கு மாறியது. தோல் வியாபாரி மோட்டார் தொழிலுக்கு வந்த கதை அது!

வெயில், சூடு, தூசி இவற்றால் ரப்பர் காய்ந்து கட்டையாகும். கட்டையான உதடு கவ்வாது. அப்போது ஒழுகும்.

"சரி, புது சீல் போட்டால் தீர்ந்தது" என்று நினைக்கிறீர்களா? பலர் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். புது சீல் போட்ட மறு மாதமே மறுபடியும் ஒழுகுகிறது. மெக்கானிக்கைத் திட்டுகிறார்கள். கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது!

மூச்சு முட்டினால்...

டிரான்ஸ்பர் கேசின் தலையில் ஒரு சின்ன மூச்சுக் குழாய் உண்டு. வண்டி ஓட ஓட உள்ளே எண்ணெய் சூடாகும். காற்று விரியும். விரிந்த காற்று இந்தக் குழாய் வழியே வெளியேறும்.

கரிசல் சேறும் ரோட்டுத் தூசியும் இந்தக் குழாயின் வாயை அடைத்துவிட்டால்? குக்கரில் ஆவி போகும் துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதேதான் இங்கேயும். உள்ளே அழுத்தம் ஏறும். எங்கே இளக்கம் என்று தேடும். சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும்.

ஆகவே சீலைத் தொடுவதற்கு முன்னால் மூச்சுக் குழாயைக் கழற்றிக் கழுவி ஊதிப் பாருங்கள். சில வேளைகளில் செலவே இல்லாமல் அதோடு ஒழுகல் நின்றுவிடும்!

இன்னொன்று. சூடான பெட்டி ஓடைத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். இளகிய சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய், பால் கலந்த காபிபோல் ஆகிவிடும். அப்படி இருந்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. தண்டு ஆடும்போது எந்த சீலும் நிற்காது. சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், அல்லது அதன்மேல் மெல்லிய உறை ஏற்ற வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

நல்ல மெக்கானிக் எப்படி வேலை செய்வார்?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பார். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழைய மாட்டார். கனமான ஸ்டாண்டு வைப்பார்.

எண்ணெய் வடிக்கும் மூடியைத் திறக்குமுன் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார். ஏன் தெரியுமா? அது இறுகித் திறக்காமல் போனால், வடித்த பிறகு புது எண்ணெயை எப்படி ஊற்றுவது?

வடித்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்ப்பார். மைபோல் நுண்ணிய இரும்புப் பொடி இருந்தால் இயற்கைத் தேய்மானம். சில்லு சில்லாக இருந்தால் உள்ளே பல் உடைகிறது. அப்படியானால் சீல் மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

தண்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் அடையாளக் கோடு போடுவார். அதே இடத்தில் மாட்டினால்தான் வண்டி அதிராது.

பழைய சீலைப் பெட்டியில் கீறல் விழாமல் நெம்பி எடுப்பார். புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவுவார். உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்கும்படி வைப்பார். அதே அளவுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குவார். ஒரு பக்கம் சாய்ந்தால் அது அன்றைக்கே ஒழுகும்.

பிறகு கைப்புத்தகத்தில் சொன்ன எண்ணெயை, பக்கவாட்டுத் துளையில் வழியும்வரை ஊற்றுவார். வழிந்து நின்றதும் மூடுவார். "கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்" என்று ஊற்றினால் அதுவே ஒழுகலுக்கு வழி.

எண்ணெய் குடித்த பிரேக் கட்டையைச் சிலர் தீயில் வாட்டித் திரும்பப் போடுவார்கள். கூடவே கூடாது! மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே எண்ணெய் இருக்கும். புதுக் கட்டைதான் போட வேண்டும். பழைய கட்டைகளின் தூளை வாயால் ஊதுவதும் ஆபத்து. அந்தக் காலக் கட்டைகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும்.

பட்டாசு வண்டிக்குத் தனி எச்சரிக்கை

ஒழுகும் எண்ணெய் சுடச்சுட இருக்கும் புகைபோக்கிக் குழாயில் பட்டால் புகையும். கந்தலோ வைக்கோலோ அங்கே சிக்கியிருந்தால் தீப்பிடிக்கவும் இடம் உண்டு. மற்ற ஊரில் அது ஒரு வண்டியோடு போகும். பட்டாசு ஊரில்?

பட்டாசு வைத்திருக்கவும் ஏற்றிச் செல்லவும் 2008-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. விதியைச் சட்டத்துக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும் மதிக்க வேண்டும். ஒழுகும் வண்டியில் சரக்கு ஏற்றாதீர்கள். சரக்கோடு வண்டியைப் பட்டறைக்குள் விடாதீர்கள். அங்கே வெல்டிங் பொறி பறக்கும். பீடி நெருப்பும் இருக்கும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஊருணிக் கரையிலோ கொட்டாதீர்கள். தண்ணீருக்குத் தவிக்கும் சீமை இது. மூடி போட்ட டின்னில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

நல்ல தார் ரோட்டில் முன் சக்கர இழுவையைப் பூட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். பெரும்பாலான பிக்-அப் வண்டிகளில் அது சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும் உரியது. காய்ந்த ரோட்டில் பூட்டினால் தண்டுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சீலையும் பேரிங்கையும் வாட்டும்.

தாள் சொல்லும் தீர்ப்பு

வேலை முடிந்ததும் 100 கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். அன்று இரவு மறுபடியும் காலண்டர் தாளை விரியுங்கள்.

விருதுநகர் எண்ணெய் வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். எண்ணெயின் அருமை அங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமையலறையில் ஒரு கரண்டி எண்ணெய் சிந்தினால் பதறுகிறோம். வாசலில் தினமும் சிந்தும் எண்ணெயை மட்டும் ஏன் சும்மா விட வேண்டும்?

"ஊத்திக்கிட்டாப் போச்சு" என்பது வைத்தியம் அல்ல. ஏன் ஒழுகுகிறது என்று கேட்பதுதான் வைத்தியம்.

முதலில் அந்த வட்டத்தைக் கண்டு கேட்டவள் மனைவிதான். அந்தக் கேள்விக்குக் காது கொடுங்கள். காலையில் தாள் வெள்ளையாக இருக்கிறதா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும். அதன் பிறகு வண்டியை எடுங்கள்!